பள்ளிக்குத் திரும்பிய பத்தாம் வாரம்: இடைவெளியின்றி வந்த இரண்டாம் கர்ப்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

16 வயதில் முதல் குழந்தையைப் பெற்று, அந்தக் குழந்தைக்கு 13 மாதம் நிறைவதற்குள் இரண்டாவது குழந்தையையும் பெற்றெடுத்த ஒரு மாணவியின் வரலாறு இங்கே ஆராயப்படுகிறது. அவளுடைய கோப்பின் கடைசிப் பக்கத்தில், "இரண்டாவது கர்ப்பம் காரணமாகப் படிப்பு நின்றது" என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியது நான்தான். பின்னர் ஒருநாள் பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகலையும், கருவின் வயதைக் கணித்த ஸ்கேன் அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டபோது, அந்த வரி தலைகீழாக எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தி ஐந்து வாரம் கழித்துத்தான் கருவுற்றிருக்கிறாள்.

இது ஒரே ஒருத்தியின் வரலாறு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒரு போக்கை, யாருடைய அடையாளமும் வெளிப்படாதவாறு, ஒருத்தியின் வாழ்க்கையாகக் கோத்திருக்கிறேன். ஆகவே அவளைப் பற்றிய வாரக் கணக்குகளும் எடைகளும் விளக்கத்துக்கானவை. ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் வரும் இடங்களில் அவை எந்த ஆய்வைச் சேர்ந்தவை என்று குறிப்பிட்டிருக்கிறேன். முதல் பிரசவ நாளை வாரம் 0 எனக் கொண்டு எண்ணினால் நிகழ்வுகளின் வரிசை தெளிவாக விளங்கும்.

பின்னணி

முதல் கர்ப்பம் தெரியவந்தபோது அவள் 20 வாரக் கர்ப்பிணி. பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டு கல்வியாண்டுகள் மீதமிருந்தன. படிப்பில் நடுத்தரம், கணக்கில் பின்தங்கியிருந்தாலும் மொழிப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். தாயுடன் வசித்தாள். குழந்தையின் தந்தை அவளைவிட மூன்று வயது மூத்தவன், வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாள்களில் வந்து போனான். இந்த வயது உறவு எழுப்பும் சட்டக் கேள்விகள் உரிய குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கப்பட்டன. அவை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவை.

கர்ப்பம் தெரிந்த பிறகும் 28 வாரம் வரை அவள் பள்ளிக்குப் போனாள். திரும்பவும் போவேன் என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். இது சிறிய செய்தியன்று. கருவுறுவதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்ட பெண்கள் பலர் உண்டு. அவர்களுக்குக் கர்ப்பம் படிப்பை முறிப்பதில்லை. முறிந்துபோன படிப்புக்குப் பின்னால் வருகிறது. இவள் அந்த வகையைச் சேர்ந்தவள் அல்லள். படிக்க விரும்பியவளுக்கு, படிக்கப் போனவளுக்கு, எப்படி இப்படி நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

முதல் பத்து வாரங்கள்

கர்ப்பத்தின் 38-ஆம் வாரத்தில் சுகப்பிரசவம். குழந்தை 2,700 கிராம். தாயின் ஹீமோகுளோபின் 9.8. இரண்டாம் நாள் வீடு திரும்பினாள். கருத்தடை பற்றி அன்றைக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு செய்தி, ஆறு வாரம் கழித்து வர வேண்டும் என்பது. அவள் ஏழாம் வாரத்தில் வந்தாள். முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறாள், மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்று குறித்துக்கொண்டு, ஆறு மாதம் வரை தாய்ப்பாலே பாதுகாப்பு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாளில் அந்த அறிவுரையில் பிழையில்லை. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் வகுத்த முறை அது. குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை முழுமையாக அல்லது ஏறத்தாழ முழுமையாகத் தாய்ப்பாலிலேயே வளர வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறும்வரை கருத்தரிக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறைக்கு மாறிவிட வேண்டும். அவளுக்கு நினைவில் நின்றது ஆறு மாதம் என்ற ஒன்று மட்டுமே. மற்ற இரண்டையும் எவரேனும் அவளுக்குச் சொன்னார்களா என்பதற்குக் கோப்பில் சான்றில்லை.

பத்தாம் வாரம் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பிவர எட்டு மணி நேரம் ஆகும். அந்த எட்டு மணி நேரமும் குழந்தைக்குப் பாட்டியின் கையில் புட்டிப்பால். பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பாலூட்டாமல் இருக்கக் கூடாது என்பது இந்தக் கருத்தடை முறையில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. ஆக, எல்லோரும் பாராட்டிய அந்தப் பள்ளி வருகையே அவளுடைய ஒரே கருத்தடைப் பாதுகாப்பை முதல் நாளிலேயே முடித்துவைத்தது. பள்ளிக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மருத்துவமனைக்கோ அவள் பள்ளிக்குத் திரும்பியதே தெரியாது.

பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போயிருந்தால் காப்பாற்றியிருக்குமே என்று சிலர் கேட்கக்கூடும். சிலி நாட்டில், வேலைக்குச் சென்றபடியே பாலைப் பீய்ச்சி வைத்துக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்த பெண்களைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் கருத்தரித்தோர் 5.2 விழுக்காடு. சினைமுட்டை வெளியாவதைத் தடுத்து நிறுத்துவது குழந்தை வாய்வைத்து உறிஞ்சும் செயல். பாலை எப்படி வெளியேற்றினாலும் போதும் என்று உடல் எடுத்துக்கொள்வதில்லை. பீய்ச்சுவதற்கு அவளுக்குப் பள்ளியில் ஓர் இடமும் இருக்கவில்லை என்பது வேறு.

பதினான்காம் வாரமும் பதினெட்டாம் வாரமும்

திரும்பிய முதல் மாதத்தில் அவள் ஏறத்தாழ எல்லா நாள்களும் வகுப்புக்குப் போயிருக்கிறாள். பதினான்காம் வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. புட்டியில் வளரும் குழந்தைக்கு எளிதில் வருவதுதான். பாட்டி தன் வேலைக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்தார், இரண்டாம் வாரம் எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் நாள்விட்டு நாள் வெற்றிடம். பதினெட்டாம் வாரத்தில், இந்த ஆண்டுத் தேர்வு எழுதத் தேவையான வருகை நாள்கள் இனிச் சேராது என்று வகுப்பாசிரியர் சொன்னார். அன்றுதான் அவள் கடைசியாகப் பள்ளிக்குப் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேர்வு கைநழுவிய அந்த நாளுக்கும், அவள் கருவுற்ற இருபத்துமூன்றாம் வாரத்துக்கும் இடையே அவளுடைய மனக்கணக்கு மாறியிருந்தது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று அவள் தீர்மானிக்கவில்லை. பலமுறை கேட்டும் அதை உறுதியாக மறுத்தாள். ஆனால் வந்துவிடுமோ என்ற அச்சம் அவளிடம் முன்புபோல் இல்லை. படிப்பு எப்படியும் ஓராண்டு தள்ளிப்போய்விட்டது. இரண்டையும் சேர்த்தே வளர்த்துவிட்டு அப்புறம் நிம்மதியாகப் படிக்கலாம் என்று குழந்தையின் தந்தையும் அவன் வீட்டாரும் சொன்னதில் அவளுக்கும் ஓரளவு நியாயம் தெரிந்தது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இழப்பதற்கு ஒன்று கையில் இருக்கும்வரை எச்சரிக்கையாக இருப்பதும், அது போனபின் அந்த எச்சரிக்கை தளர்வதும் வயதானவர்களிடமும் காண்கிற இயல்புதான்.

பள்ளியை விட்டு நின்றபின் அவள் வீட்டில்தானே இருந்தாள், தாய்ப்பால் மீண்டும் முழுமையாகியிருக்கலாமே என்றும் கேட்கலாம். எட்டு வாரம் புட்டிக்குப் பழகிய குழந்தை பகலில் மார்பை மறுத்தது. சுரப்பும் குறைந்திருந்தது. இரவில் மட்டுமே பாலூட்டினாள். மாதவிலக்கு வராதிருந்ததால் பாதுகாப்பு நீடிப்பதாகவே நம்பினாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சினைமுட்டை வெளியாவது முதல் மாதவிலக்குக்கு முன்னாலும் நிகழக்கூடும், அதற்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. தாய்ப்பால் கொடுக்காத பெண்களில் பிரசவம் ஆகி 25 நாளிலேயே அது நேர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லும் வழக்கம் எத்தனை தாமதமானது என்பதை இந்த ஓர் எண்ணே காட்டும்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் ஏற்பட்டது. முதல் தவணை ஏழாம் வாரம் போடப்பட்டிருக்கிறது. பிறகு பதினொன்றாம் வாரமும் பதினைந்தாம் வாரமும். பிந்தைய இரண்டு தவணைகளும் பள்ளிக்குத் திரும்பிய பிறகானவை. அவ்விரு முறையும் தாய் அங்கே நின்றிருக்கிறாள். குழந்தையின் எடை குறிக்கப்பட்டிருக்கிறது, தாயிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. "இப்போது குழந்தை பகலில் என்ன குடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

இரண்டாம் கர்ப்பம்

நாற்பதாம் வாரத்தில், தட்டம்மைத் தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, செவிலியர் ஒருவர் அவளது வயிற்றைக் கவனித்தார். ஸ்கேனில் 19 வாரம் (கர்ப்ப வாரங்கள் கருவுறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பிருந்தே எண்ணப்படுகின்றன). ஹீமோகுளோபின் 8.6. அவள் கேட்டது ஒன்றுதான்: "பால் கொடுக்கும்வரை ஒன்றும் ஆகாது என்றுதானே சொன்னீர்கள்?" எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்களைக் கொண்டு மனநிலையைக் கணித்ததில் 14 வந்தது, வழக்கமாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொண்டு மேற்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்தச் சோர்வு எப்போது தொடங்கியது என்று விசாரித்தபோது அவள் சொன்ன காலம், பள்ளி நின்ற வாரங்கள்.

ஐம்பத்தாறாம் வாரத்தில், கர்ப்பத்தின் 35-ஆம் வாரத்திலேயே பிரசவ வலி கண்டது. குழந்தை 2,050 கிராம். பத்து நாள் சிறப்புப் பராமரிப்புக்குப் பின் வீடு சென்றது. முதல் பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடைப்பட்ட காலம் 23 வாரம், அதாவது ஆறு மாதத்துக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய கலந்தாய்வின் பரிந்துரைப்படி, உயிருடன் குழந்தை பிறந்த பின் மறுபடி கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும்.

குறுகிய இடைவெளி எவ்வளவு தீங்கு செய்கிறது?

ஆகஸ்டின் கோண்டே-அகுதேலோவும் பிறரும் 67 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் 18 முதல் 23 மாத இடைவெளி விட்டவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மாதத்துக்குள் கருவுற்றோரிடம் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு விகிதம் 1.40, குறைந்த பிறப்பு எடைக்கு 1.61 (1-க்கு மேல் என்றால் வாய்ப்பு கூடுதல் என்று பொருள்). நம் நிகழ்வில் இரண்டும் நேர்ந்திருக்கின்றன. அதற்காக இடைவெளியே காரணம் என்று கையெழுத்திட நான் தயாரில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று பிரசவம் ஆன ஏறத்தாழ 40,000 தாய்மாரை எடுத்துக்கொண்டு, ஒரே தாயின் இரண்டு இடைவெளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், இந்தத் தொடர்பு வெகுவாக நலிந்துபோயிற்று. வறுமை, இரத்தசோகை, நிலையற்ற வாழ்க்கை ஆகியவை குறுகிய இடைவெளிக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் ஒருசேர வழிவகுப்பதால், இடைவெளியின் தலையில் விழும் பழியில் ஒரு பகுதி அவற்றுடையதாக இருக்கலாம்.

ஆயினும் வளரிளம் பருவத்தில் ஒரு தனிக் காரணமும் உண்டு. நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் தெரசா ஷோலும் குழுவினரும் கர்ப்பிணிச் சிறுமியரின் முழங்கால் உயரத்தை நுட்பமாக அளந்து, அவர்களில் பலர் கர்ப்ப காலத்திலும் வளர்ந்துகொண்டிருப்பதைக் காட்டினார்கள். அப்படி வளர்ந்துகொண்டிருந்தவர்கள் கர்ப்பத்தில் நன்கு எடை கூடியும், அவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ 150 கிராம் எடை குறைந்தே பிறந்தன. தன் வளர்ச்சிக்கும் கருவின் வளர்ச்சிக்கும் உடல் ஒருங்கே ஈடுகொடுக்க வேண்டிய நிலை அது. நம்மவளோ முதல் பிரசவத்திலேயே இரத்தசோகையோடு வீடு திரும்பியவள்; அதை ஈடுசெய்யும் காலம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டாள் என்பதும் ஐயத்துக்குரியதே.

படிப்பு காக்கிறதா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்டோரிடையே ஆண்டுக்கு 2.1 கோடி கர்ப்பங்கள் ஏற்படுகின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி திட்டமிடாதவை. இவர்களுள் மறுபடியும் விரைந்து கருவுறுவோர் யார் என்று தேடிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, பள்ளியைத் தொடர்வதும் நீண்டகாலக் கருத்தடை முறைகளும் காப்பாற்றுகின்றன என்றும், மனச்சோர்வு ஆபத்தைக் கூட்டுகிறது என்றும் காட்டுகிறது. இதைப் படிப்பவர்கள், பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்படி நடப்பதில்லை என்பதற்கு அமெரிக்காவில் 1989 முதல் 1992 வரை 16 இடங்களில் நடந்த 'நியூ சான்ஸ்' திட்டமே சான்று. வளரிளம் வயதில் தாயாகிப் படிப்பை விட்டவர்களுக்குக் கல்வி, வேலைப் பயிற்சி, குழந்தைப் பராமரிப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை என எல்லாமே அதில் இருந்தன. பள்ளிக் கல்விக்கு இணையான சான்றிதழ் பெற்றோர் அதிகமானார்கள். அடுத்தடுத்த கர்ப்பங்கள் குறையவில்லை. இதற்கு மாறாக, டேவிட் ஓல்ட்ஸ் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய சோதனையில், ஒரே செவிலியர் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை வீடு தேடிச் சென்றார். மணமாகாத, வறிய தாய்மாரைப் பொறுத்தவரை, 15 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது முதல் இரு குழந்தைகளுக்கு இடைப்பட்ட காலம் சராசரியாக 65 மாதமாக இருந்தது. செவிலியர் செல்லாத பிரிவில் அது 37 மாதம்.

அந்தச் செவிலியரிடம் இருந்த மருந்தோ பாடத்திட்டமோ மட்டும் இதைச் சாதித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பால், பள்ளி, கணவன் அல்லது காதலன், பாட்டியின் வேலை, அடுத்த மாதவிலக்கு எல்லாம் ஒரே ஆளின் காதுக்கு வந்தன. நம் நிகழ்வில் பால் பற்றிய செய்தி ஒரு பதிவேட்டிலும், பள்ளி இன்னொன்றிலும், தடுப்பூசி மூன்றாவதிலும் கிடந்தன. பத்தாம் வாரத்தில் இவை மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கோ அதன் பொருள் தெரியாது.

பள்ளிகளின் கதவு மூடியிருந்த நாடுகளில் இந்தக் கேள்வியே எழாது என்பதையும் சொல்ல வேண்டும். சியரா லியோன் 2020-இலும் தான்சானியா 2021-இலும்தான் கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் தாய்மாருக்கும் பள்ளியில் இருந்த தடையை விலக்கின. தடை இல்லாத இடத்திலும், வருகை நாள்களின் கணக்கு அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும் என்பதற்கு இவளே எடுத்துக்காட்டு.

பிறகு நடந்தவை

இரண்டாம் முறை, கருத்தடை பற்றிய பேச்சு கர்ப்பத்தின் 30-ஆம் வாரத்திலேயே தொடங்கப்பட்டது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைத்துக்கொள்ளலாம், கையில் தோலுக்கடியில் பொருத்தும் இம்ப்ளான்டையும் வீடு திரும்புமுன்பே வைத்துக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை, எதுவும் வேண்டாம் என்றாலும் சரி என்று விளக்கப்பட்டது. அவள் இம்ப்ளான்டைத் தேர்ந்தெடுத்தாள். வேண்டாம் என்று தோன்றும் நாளில் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம் என்பதும் அப்போதே சொல்லப்பட்டது. இதைச் சொல்லாமல் நீண்டகாலக் கருத்தடையை வளரிளம் பெண்ணின் உடலில் வைப்பது முறையன்று என்பது என் கருத்து.

படிப்பைப் பொறுத்தவரை, அடுத்த கல்வியாண்டு தொடங்கும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. வருகை நாள் தேவைப்படாத தனித்தேர்வராக, அவளுக்கு எளிதாக வரும் இரண்டு மொழிப் பாடங்களை மட்டும் முதலில் எழுத ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தைகளின் தடுப்பூசி நாள்கள், தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள், பாட்டியின் வேலை முறை, இரும்புச்சத்து மாத்திரை தீரும் நாள் ஆகிய எல்லாம் ஒரே தாளில் வாரவாரியாக எழுதப்பட்டு, ஒரு நகல் அவளிடமும் ஒரு நகல் செவிலியரிடமும் இருக்கிறது.

நான்காம் மாதத்தில் அவள் வந்து, இம்ப்ளான்ட் வைத்ததிலிருந்து உதிரம் ஒழுங்கின்றிப் பட்டுக்கொண்டே இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். பலரும் இதை எடுக்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டது, 10.4. எடுப்பதானால் இன்றே எடுத்துவிடலாம், வேறு முறையையும் இன்றே தொடங்கிவிடலாம் என்று சொல்லப்பட்டதும், தேர்வு முடியட்டும் என்றாள். இரண்டு பாடங்களில் ஒன்றில் தேறியிருக்கிறாள். இம்ப்ளான்ட் இப்போதும் இருக்கிறது; அடுத்த மறுபரிசோதனை நாள், மற்றப் பாடத்தின் மறுதேர்வுக்கு முந்தைய வாரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.